வைக்கோலும் வாவியும்
வாழைச்சேனைக் காகித ஆலையின் வரலாறு உணர்த்தும் பாடம்

இம்மலரைக் கையிலேந்தி வாசிக்கும் பெரியோரும் வாலிபரும் ஒரு கணம் எழுத்தை விடுத்து, அவ்வெழுத்தைத் தாங்கி நிற்கும் தாளை நோக்குமாறு வேண்டுகின்றேன். நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். ஓலை வாட்டுவதனால் எவருடைய மீன்பிடியும் கெட்டதில்லை. தாளின் கதை அத்தகையதன்று. ஒரு தாளை வெண்மையாக்குவதற்கு எவ்வளவு நீர் கறுக்கின்றது என்பதையும், அந்நீர் எங்கே போகின்றது என்பதையும் ஆராய்ந்தோர் நம்மிற் சிலரே. அதனை அறிவதற்குத் தொலைதூரம் போகவேண்டியதுமில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் சென்றால் வாழைச்சேனை. அங்கே, களப்பை அடுத்து, இலங்கையின் முதலாவது பெரிய காகித ஆலை எழுந்தது.

ஆலை வேண்டுமா, வாவி வேண்டுமா என்று நம்மூரிற் கேட்பார் உளர். வேலையற்ற இளைஞன் ஆலையே வேண்டும் என்பான். வலை காயும் வீட்டுத் தலைவன் வாவியே வேண்டும் என்பான். இருவரும் நம்மவரே, இருவர் சொல்வதும் நியாயமே. ஆயினும், கைத்தொழிலின் வரலாற்றை ஊன்றி நோக்கினால், இவ்விரண்டில் ஒன்றையே தெரியவேண்டும் என்னும் கட்டாயம் எங்கும் இருந்ததில்லை என்பது புலனாகும். கழிவைக் கையாளும் செலவையும் ஆலையின் செலவாகவே தொடக்கத்தில் எண்ணிய இடங்களில் ஆலையும் வாழ்ந்தது, ஆறும் வாழ்ந்தது. அவ்வாறு எண்ணாத இடங்களில் முதலில் நீர் கெட்டது. பின்னர் ஆலையும் கெட்டது. இதனை நிறுவுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

கந்தலிலிருந்து வைக்கோலுக்கு

கி.பி. 105ஆம் ஆண்டளவில் சீன அரண்மனை அலுவலராகிய சாய் லுன் என்பார் மரப்பட்டை, சணல், பழந்துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை இடித்துக் கூழாக்கித் தாள் செய்யும் முறையைச் சீர்ப்படுத்தினார் என்பது மரபு. மீனவனின் பழைய வலையே தாளுக்கு முதற்பொருள்களுள் ஒன்றாய் இருந்தமை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. அக்கலை அராபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. அங்கே பல நூற்றாண்டுகள் கந்தற்றுணியே தாளின் மூலப்பொருளாயிற்று. அச்சியந்திரம் பெருகப் பெருகக் கந்தலுக்குப் பஞ்சம் வந்தது.

அப்பஞ்சத்தைத் தீர்க்க முயன்றோருள் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் ஒருவர். அவர் 1800ஆம் ஆண்டில் இலண்டனில், வைக்கோலாற் செய்த தாளிலேயே ஒரு நூலை அச்சிட்டு, மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். அவர் தொடங்கிய ஆலை சில ஆண்டுகளுக்குள் முறிந்தது. ஆயினும், நெல்லும் கோதுமையும் விளையும் நாடுகளில் வைக்கோலே தாளாகலாம் என்ற எண்ணம் முறியவில்லை. 1850களில் தோமஸ் ரவுட்லெட்ஜ் என்பார் ஸ்பானியாவிலும் வட ஆபிரிக்காவிலும் விளையும் எஸ்பார்ற்றோப் புல்லைக் கொண்டு இங்கிலாந்திலே தாள் செய்தார். புல்லை எரிசோடாவில் அவித்த பின்னர் எஞ்சும் நீரை வற்றக் காய்ச்சி, அதிலுள்ள சோடாவை மீட்கும் வழக்கம் அவ்வாலைகளில் வளர்ந்தது. சோடா விலையுயர்ந்த பொருளாதலின், ஆற்றில் விடுவது காசை ஆற்றில் விடுவதாகும் என்பதை ஆலைக்காரர் விரைவில் உணர்ந்தனர். ஆறுகளை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சட்டமொன்றும் 1876இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்டது.

சோடா ஆலைகளும் 1863ஆம் ஆண்டுச் சட்டமும்

அந்தச் சோடா எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்தல் வேண்டும். உப்பிலிருந்து சோடா செய்யும் முறையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு தேசத்து லெபிளாங் என்பார் கண்டார். அம்முறையினாற் சோடா கிடைத்தது. அதனோடு ஐதரசன் குளோரைட்டு என்னும் கொடிய அமில வாயுவும் கிளம்பியது. ஆலைகளைச் சூழ்ந்த ஊர்களில் மரங்கள் இலையுதிர்த்துப் பட்டுப்போயின, பயிர்கள் கருகின. ஆலைக்காரர் புகைபோக்கிகளை உயர்த்திக் கட்டினர். வாயு அயலூரை விட்டு அடுத்த ஊருக்குப் போயிற்று, அவ்வளவே.

1836இல் வில்லியம் கொசேஜ் என்பார், கற்கரி நிரப்பிய கோபுரத்தினுள் நீரை மேலிருந்து சொட்டவிட்டு, வாயுவைக் கீழிருந்து ஏறச்செய்து கரைக்கும் வழியைக் கண்டார. வழி இருந்தும் எல்லோரும் அதனைக் கைக்கொள்ளவில்லை. 1863இல் பிரித்தானியப் பாராளுமன்றம் காரத்தொழிற் சட்டத்தை இயற்றி, அவ்வாயுவில் 95 வீதத்தையாவது ஒடுக்குதல் வேண்டும் என விதித்தது. றொபேட் அங்கஸ் சிமித் என்னும் இரசாயன அறிஞரைப் பரிசோதகராகவும் நியமித்தது. சட்டத்தின் பின்னரே வாயு அடங்கியது.

ஆனால், அடங்கிய வாயு அமிலநீராகி ஆறுகளிற் கலந்தது. காற்றுக்கு வந்த கேடு தண்ணீருக்கு மாறிற்று. அடுத்த சில ஆண்டுகளில் வெல்டன், டீக்கன் ஆகிய இருவர் அந்த அமிலத்திலிருந்தே குளோரீனைப் பிரித்து, வெளிற்றுந்தூளாக்கி விற்கும் வழிகளை வகுத்தனர். அத்தூளை வாங்கியோர் யார்? துணி வெளுப்போரும் காகித ஆலைக்காரருமேயாவர். நேற்றுவரை வீசியெறிந்த பொருள் இன்று விலைப்பொருளாயிற்று. சட்டம் வாயிலை அடைத்தது. அறிவு வேறு வாயிலைத் திறந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே அங்கு நன்மை விளைந்தது.

கறுப்புத் திரவம் எரிபொருளான கதை

பின்னர் மரக்கூழின் காலம் வந்தது. வைக்கோலாயினும் மரமாயினும், அதன் நாரில் செலுலோசு என்னும் வெண்பொருளும், நார்களை ஒட்டிப் பிடிக்கும் பசை போன்ற இலிக்னினும் உண்டு. செலுலோசே தாளாவது. இலிக்னினைக் கரைத்து நீக்குவதற்கே எரிசோடா வேண்டப்படுகின்றது. மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற நாளில், ஆய்வுகூடத்திலே ஒரு பிடி வைக்கோலை எரிசோடாக் கரைசலில் அவித்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் முகவையிலிருந்த நீர் கடுங்கோப்பி போலாயிற்று. கையளவு நாரைக் கழுவ எத்தனை முறை நீர் மாற்றியும் கறை தீரவில்லை. இந்நீரையே காகித ஆலையார் கறுப்புத் திரவம் என்பர்.

1879இல் ஜேர்மனியரான டால் என்பார், சல்பேற்றைச் சேர்த்து மரத்தை அவிக்கும் புதுமுறையைக் கண்டார். அம்முறைக் கூழ் வலிமை மிக்கது. 1930களில் கனடாவில் ரொம்லின்சன் என்பார் அமைத்த மீட்புக் கொதிகலன் அம்முறையை முழுமையாக்கியது. கறுப்புத் திரவத்தைத் தேன்பதமாக வற்றச்செய்து கொதிகலனுள் தெளித்தால், அதிலுள்ள இலிக்னின் எரிந்து வெப்பம் தருகின்றது. அவ்வெப்பத்தால் ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் கிடைக்கின்றன. அடியில் உருகி வழியும் சோடாவைச் சுண்ணாம்புடன் சேர்த்து மீண்டும் எரிசோடாவாக்குகின்றனர். நன்கு நடக்கும் ஆலையில் 100 பங்கு சோடாவில் 95 பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கின்றது. மரக்கூழ் ஆலைகள் கறுப்புத் திரவத்தை ஆற்றில் விடாமைக்கு, அறத்தோடு ஆதாயமும் காரணமாயிற்று.

1980களில் மற்றொரு கேடு வெளிப்பட்டது. குளோரீனால் வெளுக்கும் ஆலைகளின் கழிவில் டயொக்சின் என்னும் நச்சுப்பொருள் காணப்பட்டது. அதன் பயனாக உலகின் பெரும்பாலான ஆலைகள் வெறுங் குளோரீனை விடுத்து, ஒட்சிசன், குளோரீனீரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு ஆகியவற்றுக்கு மாறின.

வாழைச்சேனை

இனி நம்மூர் வரலாற்றுக்கு வருவோம். இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சரானார். 1953 வரை அப்பதவியிலிருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகிய மூன்றும் அக்காலத்துத் திட்டங்களோடு இணைத்துப் பேசப்படுவன. கைத்தொழிலும் கடற்றொழிலும் ஓரமைச்சரின் கையில் இருந்தன என்பதைக் காண்க. ஆலையும் மீனும் ஒரே மேசையில் எண்ணப்படக்கூடிய காலம் ஒன்று இருந்தது.

வாழைச்சேனை ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதன் தனிச்சிறப்பு வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டமையாகும். படுவான்கரையிலும் பிற வட்டைகளிலும் விளையும் நெல்லுக்கு ஏறக்குறைய ஒத்த எடை வைக்கோலும் விளைகின்றது. சூடடித்த பின் மாட்டுக்குப் போக மிஞ்சியதைப் போடிமார் களத்திலேயே கொளுத்துவர். அவ்வாறு சாம்பலாவதைப் பள்ளிப்பிள்ளையின் கொப்பியாக்குதல் எத்துணைச் சிறந்த எண்ணம்! ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் எரிசோடாவும் குளோரீனும் செய்யப்பட்டன. வடக்கின் உப்பும் கிழக்கின் வைக்கோலும் கூடி நாட்டுக்குத் தாளாகும் என்பது அத்திட்டத்தின் பொருள். காடு வெட்டவேண்டியதில்லை, வெளிநாட்டு மரக்கூழ் முழுவதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இன்று பசுமைத் தொழில்நுட்பம் என்று மேலைநாட்டார் பேசுவதன் ஒரு பாதியை, அதாவது வயற்கழிவிலிருந்து பொருள் செய்தலை, நம் மாவட்டம் 1956இலேயே செய்து காட்டிற்று.

ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பலரும் அங்கு வேலை பார்த்தனர். வைக்கோல் கட்டி ஏற்றுவோரும் வண்டிக்காரரும் பிழைத்தனர். இந்நன்மைகளை மறந்து ஆலையை ஏசுதல் நன்றிகொன்ற செயலாகும். ஆனால், செய்யப்படாத மற்றப் பாதியையும் நாம் மறைக்கலாகாது.

சிலிக்கா என்னும் முட்டுக்கட்டை

மற்றப் பாதி கறுப்புத் திரவமாகும். மர ஆலைகள் அதனை எரித்துச் சோடாவை மீட்டன என்று கண்டோம். வைக்கோல் ஆலை ஏன் அவ்வாறு செய்யவில்லை? காரணம் நெல்லின் இயல்பிலேயே உண்டு. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சித் தன் தாளையும் இலையையும் உறுதியாக்குகின்றது. நெல்லிலை கையைக் கீறுவதும், வைக்கோற்போரில் விளையாடிய பிள்ளைக்கு மேலெல்லாம் அரிப்பதும் அதனாலேயே. வைக்கோலின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சிலிக்காவாகும். எரிசோடாவில் அவிக்கும்போது அதுவும் கரைந்து திரவத்திற் சேருகின்றது. திரவத்தை வற்றச்செய்தால் அது பசையாய்த் தடித்து, ஆவியாக்கிக் குழாய்களிற் கல்லாய்ப் படிகின்றது. மீட்டெடுத்த சுண்ணாம்பையும் கெடுக்கின்றது. ஆதலால், சிறிய வைக்கோல் ஆலைகள் பலவும் மீட்புக் கொதிகலன் அமைக்கும் முயற்சியைக் கைவிட்டு, திரவத்தை அருகிலுள்ள நீரில் விட்டன. வாழைச்சேனையிலும் அதுவே நடந்தது. ஆலைக்கழிவு வாழைச்சேனைக் களப்பிற் கலந்தது.

களப்பு ஆறு போன்றதன்று. ஆறு தன்னிடம் விட்டதை இழுத்துச்செல்லும்; களப்பு வைத்துக்கொள்ளும். கடலோடு அது பேசும் வாய் ஒடுங்கியது. கறுப்புத் திரவம் நீரிற் கலந்தவுடன், அதிலுள்ள கரைந்த நார்ப்பொருள்களைப் பற்றீரியாக்கள் உண்ணத் தொடங்குகின்றன. அவை உண்ணும்போது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனையும் எடுத்துக்கொள்ளுகின்றன. மீனுக்கு மூச்சில்லாமற் போகின்றது. கறுத்த நீரில் வெயில் ஊடுருவாமையால், அடியிலுள்ள பாசியும் பூண்டும் நலிகின்றன. மிதந்துவந்த நார் அடியிற் படிந்து, இறாலும் நண்டும் மேயும் சேற்றைப் போர்வைபோல் மூடுகின்றது. இறாற்குஞ்சு கடலிற் பிறந்து களப்பில் வளர்வது. களப்பு கெட்டால் கடலிலும் இறால் குறையும். ஆகவே, இக்கேடு கரையோரத்துச் சில தோணிக்காரரோடு நிற்பதன்று.

இவ்விழப்பை எவரும் ஆலையின் கணக்குப் புத்தகத்தில் எழுதியதில்லை. வைக்கோலின் விலை எழுதப்பட்டது, சோடாவின் விலை எழுதப்பட்டது, கூலி எழுதப்பட்டது. களப்பு மட்டும் விலையில்லாத பொருளாய்க் கணக்கில் ஏறாமல் நின்றது. அது விலையில்லாததன்று; அதன் விலையைத் தமிழரும் முஸ்லிம்களுமாகிய மீனவர் தம் வலையில் விழாத மீனாகச் செலுத்தினர்.

சட்டம் பிந்தி வந்தது

ஆலை தொடங்கி 24 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் இயற்றப்பட்டது. 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே ஆலைகளுக்குச் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும் என விதித்தது. 1990இல் வெளிவந்த ஒழுங்குவிதிகள், உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்கு அளவு வகுத்தன. கழிவை உண்ணும் பற்றீரியாக்களுக்கு வேண்டிய ஒட்சிசனின் அளவைக் கொண்டு மாசை அளப்பது வழக்கம். லீற்றர் ஒன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. மீட்கப்படாத வைக்கோற் கறுப்புத் திரவத்தில் இவ்வளவு ஆயிரக்கணக்கில் இருக்கும். எத்துணை இடைவெளி!

ஆனால், விதி வந்த 1990 கிழக்கு மாகாணத்துக்கு எத்தகைய ஆண்டென்பதை மூத்தோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உயிர் தங்குமா என்றிருந்த காலத்தில் ஒட்சிசன் அளவை எவர் கேட்பர்? போரினாற் பரந்தன் ஆலை நின்றது. வாழைச்சேனை ஆலை தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்தது. வைக்கோற் கூழ் கைவிடப்பட்டுக் கழிவுத்தாளே மூலப்பொருளாயிற்று. பின்னர் ஆலை பல ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தது. 2020களின் முற்பகுதியில் அதனை மீண்டும் இயக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

ஆலை நின்றமையால் நாடு நலம் பெற்றதா? 2022 மார்ச்சு மாதத்தில் வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோது, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தாளின்மையால் ஒத்திவைக்கப்பட்டன. தினசரிகள் சில பதிப்புகளை நிறுத்தின. வைக்கோலோ, அறுவடை இயந்திரம் வந்தபின் வயலெங்கும் சிதறிக் கிடந்து, பல இடங்களிற் புகையாயிற்று. ஆலையும் இல்லை, தாளும் இல்லை, காற்றும் கெட்டது. ஆதலால் ஆலை வேண்டாம் என்று கூறிவிடுதலும் விடையாகாது.

காவிரிக் கரையில்

அவ்வாறாயின் விடை எங்கே? நம்மைப் போன்றே மரம் அரிதாய், வயற்கழிவு மிகுதியாய் உள்ள நாடுகளை நோக்குவோம்.

சீனா ஒரு வழியைக் காட்டிற்று. அங்கே ஹுவாய் ஆற்றின் கரைகளில் எண்ணிறந்த சிறு வைக்கோற்கூழ் ஆலைகள் தோன்றி ஆற்றைக் கறுக்கச் செய்தன. 1996இல் அந்நாட்டரசு, ஆண்டுக்கு 5,000 தொன்னுக்குக் குறைவாகக் கூழ் செய்யும் ஆலைகளை அவ்வாற்றுப் பிரதேசத்தில் மூடுவித்தது. பிழைப்பை இழந்தோர் பலர். தொடக்கத்திற் செய்யாத செலவை முடிவிற் செய்யும்போது அது எளியோர் தலையிலேயே விழுகின்றது என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றின் கதையும் அத்தகையதே. திருப்பூரின் சாய ஆலைகள் உலகுக்கெல்லாம் பனியனை அனுப்பின. ஆற்றுக்குச் சாயத்தையும் உப்பையும் அனுப்பின. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்திற் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. தண்ணீர் தரும் அணையைத் திறக்கவேண்டாம் என்று உழவரே வேண்டும் நிலை வந்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதன்பின் எழுந்த சுத்திகரிப்பு நிலையங்கள், நீரை வடித்தெடுத்து மீண்டும் சாயமிடப் பயன்படுத்துகின்றன, உப்பையும் மீட்கின்றன. செலவு மிகுந்த வேலைதான்; ஆயினும் இயலாத வேலையன்று என்பது தெளிந்தது.

தமிழ்நாட்டிலேயே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 1979இல் அந்நாட்டரசு நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூருக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள புகழூரில் ஆலை எழுப்பிற்று. அவ்விடம் இன்று காகிதபுரம் எனப்படுகின்றது. அதன் மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து நீராவி பெற்றுவந்தன. வேறு எரிபொருளால் நீராவி கிடைக்க வகைசெய்து, அதற்கு மாற்றாகச் சக்கையைக் காகித ஆலை பெற்றுக்கொண்டது. கறுப்புத் திரவத்தை எரித்துச் சோடாவை மீட்டது. சக்கையைக் கழுவிய நீரை, காற்றுப்புகாத தொட்டியிற் பற்றீரியாக்களுக்கு உணவாக்கி, கிடைக்கும் எரிவாயுவைச் சுண்ணாம்புச் சூளைக்கு ஊட்டியது. நம் வீடுகளிற் சாண எரிவாயு உண்டாகும் முறையே இது. மிஞ்சிய சுண்ணாம்புச் சேற்றையும் நிலக்கரிச் சாம்பலையும் சீமெந்தாக்கியது. சுத்திகரித்த நீர் அயலூர் உழவரின் வயல்களுக்கு ஏற்றுப்பாசனமாய்ப் போயிற்று. ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையத்துக் காகித ஆலையும் இவ்வாறே கழிவுநீரைப் பாசனத்துக்குச் செலுத்திற்று.

இவ்வழியிலும் விழிப்பு வேண்டும். சுத்திகரித்த நீரிலும் உப்பு எஞ்சும். ஆண்டுதோறும் மண்ணைச் சோதியாது பாய்ச்சினால் நிலம் உவர்க்கும். குற்றமற்ற தொழில் இதுவென்று நான் கூறவில்லை. ஆனால், 1863ஆம் ஆண்டின் இங்கிலாந்தில் நாம் கண்ட அதே நியதி இங்கும் விளங்குகின்றது: கழிவை வெளியே விட முடியாதென்ற கட்டு முதலில் வந்தால், அக்கழிவுக்குள்ளேயே பொருள் தேடும் அறிவு பின்னால் வரும்.

சிலிக்காவுக்கும் மருந்து இல்லாமலில்லை. புகைபோக்கி வாயுவிலுள்ள காபனீரொட்சைட்டைத் திரவத்தினுட் செலுத்தினால், அதன் காரத்தன்மை சற்றே தணிந்து சிலிக்கா படிந்துவிடும். இம்முறை இந்தியாவிற் பரீட்சிக்கப்பட்டுள்ளது. இதனைத் தாங்கும் அளவுக்கு ஆலை பெரிதாதல் வேண்டும். சிறிய ஆலையாயின் வைக்கோற் கூழைத் தொடாமல், கழிவுத்தாளை மட்டும் கொண்டு நடத்துதலே தக்கது. கழிவுத்தாளில் இலிக்னினைக் கரைக்கும் வேலை இல்லை. ஆதலாற் கறுப்புத் திரவமும் இல்லை. மையும் நுண்ணாரும் கலந்த சேறுதான் எஞ்சும். அதற்கும் தொட்டியும் வடிப்பும் வேண்டும். ஆயினும் அது ஆளத்தக்க அளவினது.

இனி நாம் செய்யவேண்டியது

நம் கரையில் எந்த ஆலை எழுந்தாலும் முதலில் எழும் வினா, எத்தனை பேருக்கு வேலை என்பதாகும். அது கேட்கத்தக்க வினாவே. அதனோடு, கழிவுநீர் எங்கே போகும், அதனைச் சுத்திசெய்யும் செலவு எவருடைய கணக்கில் உள்ளது என்னும் வினாவையும் அடிக்கல் நாட்டும் நாளிலேயே நாம் கேட்கப் பழகுதல் வேண்டும். 1956இல் அவ்வினாவைக் கேட்பதற்குச் சட்டம் இல்லை. இன்று உண்டு. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளையும் நீர்ப்பரிசோதனை முடிவுகளையும் கேட்டுப் பெறுவதற்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் குடிமகன் ஒவ்வொருவருக்கும் வழிசெய்துள்ளது. பெரிய படிப்பு வேண்டியதில்லை; ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிந்தாற் போதும்.

நம் சங்கத்து வாலிபர் செய்யத்தக்க பணிகள் இரண்டு உள. களப்பை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்த ஆண்டில் எந்த மீன் எந்தத் துறையில் பட்டது, நீர் எப்போது நிறம் மாறிற்று, எப்போது தெளிந்தது என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தல் முதலாவது. ஆலையின் கணக்கில் ஏறாதது நம் கணக்கிலாவது ஏறட்டும். பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் சேரும் பழந்தாளைத் திரட்டி மீள்பயனுக்கு அனுப்புதல் இரண்டாவது. இவ்வாண்டு மலரும் ஒரு நாள் பழந்தாளாகும். அது குப்பைமேட்டிற் புகையாகாமல் மீண்டும் தாளாகட்டும்.

சமய சங்கத்துக்கு இரசாயனத்தோடு என்ன தொடர்பென எவரேனும் வினவலாம். காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளார் துறவு பூணுமுன் விஞ்ஞான ஆசிரியராய் விளங்கியவர். யாழ்நூல் இயற்றிய அவரே தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்கள் ஆக்கும் பணிக்கும் தலைமை தாங்கியவர். நீரை அறிவதும் நீரை வணங்குவதும் அவருக்கு வேறுவேறாய்த் தோன்றியதில்லை. ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தத்தில் நம் மக்கள் ஆயிரமாயிரமாய் இறங்கி, மறைந்த தாய் தந்தையரை நினைந்து நீராடுகின்றனர். அக்குளத்து நீரில் ஒருவன் ஒரு கைப்பிடி குப்பை எறிந்தாற் பொறுப்போமா? மட்டக்களப்பு என்னும் நம் ஊர்ப்பெயரிலேயே களப்பு உண்டு. பெயரிற் சுமப்பதை நெஞ்சிலும் சுமப்போமாக.

தாளும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஆலைச் சங்கு ஊதும் காலையிலேயே தோணியும் மீனோடு கரைசேரும் வாழைச்சேனையை நம் தலைமுறை காண எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.